சந்திராவையும் ரோசாட்டையும் ஒரே பட்டியலில சேர்க்க எவ்வளவு ஆரை வைக்கலாம்?

உப்புவெளிப் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலையில கம்பஸ் இறுதி வருசம், கணினி விஞ்ஞானம். ரோசாட், சந்திரா, எக்ஸ்எம்எம், ஸ்விஃப்ட், ஈரோசிட்டா எண்ட விண்வெளித் தொலைநோக்கிகள் எல்லாம் கண்ட எக்ஸ் கதிர் மூலங்களை ஒரே பட்டியலாக்குறதுதான் என்ட புரொஜெக்ட். டொப்கற் எண்ட அட்டவணை பொருத்துற மென்பொருளில, 5 ஆர்க்செக்கன் (ஒரு ஆர்க்செக்கன் பாகையில 3600இல ஒரு பங்கு) ஆரைக்குள்ள கிடக்கிறதை ஒரே மூலமெண்டு எடுத்தா ரோசாட் மூலங்கள் பொருந்தாமல் தனிச்சு நிக்குது. 20 வைச்சா சந்திரா பிரிச்சுக் காட்டின நாலைஞ்சு மூலம் ஒண்டாயிடுது. தனுசுப் பக்கம், பால்வீதி மையத்திலதான் கூடின சிக்கல். ஆடி மாசம் நிலாவெளிக் கரையில நிண்டா அந்த இடம் எவ்வளவு வடிவாத் தெரியும்! அதைப் பிழையாப் பதிய எனக்கு மனம் வரேல்ல. எந்த ஆரை சரி?

பௌதிகவியல் அக்கா:
தங்கச்சி, ஒரே ஆரை எண்ட யோசனையையே விடுங்கோ. ஒவ்வொரு மூலத்துக்கும் அதுக்குரிய இட வழு, அதாவது இடத்தை அளந்ததில வரக்கூடிய பிழை, பட்டியலிலேயே இருக்கு. சந்திராவிலயே பார்வையின் நடுவில அரை ஆர்க்செக்கன் கூர்மை, ஓரத்துக்குப் போகப் போகப் படம் பரவிப்போகும். ரெண்டு மூலத்துக்கும் இடையில உள்ள தூரத்தை ரெண்டின்ர வழுவையும் சேர்த்து வாற பெறுமானத்தால பிரிச்சுப் பாருங்கோ.

அடுத்தது நெருக்கம். மையத்தைச் சுத்தி 2 பாகை நீளம், 0.8 பாகை அகலத்துக்குள்ள சந்திரா 9017 மூலம் கண்டது. அங்க கண்ணை மூடிக்கொண்டு 20 ஆர்க்செக்கன் வட்டம் போட்டாலும் சராசரியா அரை மூலம் தற்செயலா விழும். ஈரோசிட்டாவின் முதல் பட்டியல் அரை வானத்தில கிட்டத்தட்ட 9 இலட்சம். அதில அப்பிடி ஒண்டு விழ இருநூறுக்கு மேல வட்டம் போடோணும். இந்த நெருக்கத்தையும் கணக்கில எடுத்து நிகழ்தகவு தாற மென்பொருள் என்வே.

முக்கியமா, ஒண்டையும் கலந்து அழிக்காதேங்கோ. ஒரு ரோசாட் மூலத்துக்குள்ள நாலு சந்திரா மூலம் இருந்தா நாலையும் வைச்சு, தொடர்பை வேற அட்டவணையில எழுதுங்கோ.

இரவு வானம்:
அக்கா சொன்னதோட இதையும் பாருங்கோ. ரோசாட் பாத்தது 0.1–2.4 கிலோ இலத்திரன்வோல்ட் சக்தியுள்ள கதிர், எக்ஸ்எம்எம் 0.2–12. பிரகாசத்தைப் பொது வீச்சுக்கு மாத்தேக்க எந்த நிறமாலை வடிவத்தை (சக்தியோட பிரகாசம் மாறுற விதம்) எடுத்தீங்களெண்டு பதியுங்கோ. ரோசாட் வானம் முழுக்கத் தேடினது 1990–91, ஈரோசிட்டா தொடங்கினது 2019 கடைசியில. இடையில பத்து மடங்கு மங்கின மூலம் உண்மையா மங்கியிருக்கலாம், கருந்துளை ஒரு நட்சத்திரத்தைக் கிழிச்ச இடமாகவும் இருக்கலாம். அதால, பாத்தும் தெரியாத இடத்துக்குப் பிரகாசத்தின்ர மேல்வரம்பு போடுங்கோ, பாக்காத இடத்தை வெறுமையா விடுங்கோ. ஈரோசிட்டா பட்டியல் வெளிவந்தது வானத்தின் ஒரு பாதிக்கு, பால்வீதி ஆள்கூற்றில மேற்குப் பாதிக்கு, மட்டும்தான். மற்றப் பாதியில இல்லாததை "மறைஞ்சது" எண்டு எழுதிடாதேங்கோ.

உப்புவெளிப் பிள்ளை:
நன்றி அக்கா, அண்ணா. இரவைக்கே தொடர்பு அட்டவணையைத் தொடங்குறன். கிட்டவா இருக்கிற நட்சத்திரங்கள் இந்த 30 வருசத்தில நகர்ந்திருக்குமே?

பௌதிகவியல் அக்கா:
ஓம். புரொக்சிமா சென்டாரி வருசத்துக்கு 3.9 ஆர்க்செக்கன் அளவில நகருது, 30 வருசத்தில ரெண்டு ஆர்க்நிமிசத்துக்கு (120 ஆர்க்செக்கன்) கிட்ட. அதுவும் எக்ஸ் கதிர் மூலம்தான். நட்சத்திரங்களின்ர இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் தரவில உள்ள நகர்வை எடுத்து, அந்தந்த அவதானிப்பு வருசத்துக்கு நட்சத்திரத்தைக் கொண்டுபோய் வைச்சிட்டுப் பொருத்துங்கோ.