உறை இல்லாக் கடிதம்: 1800 வாக்கில் அமெரிக்கப் பெரிய மனிதர்கள் எழுதி, மடித்து, அனுப்பிய விதம்

லயத்து_வாசகன் (சுங்கை சிப்புட்)

வணக்கம். இங்கே மலேசியாவில், தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சுவர்க் கண்காட்சி தயாராகிறது. அமெரிக்கா சுதந்திரம் வாங்கின புதிதில் அங்குள்ள பெரிய மனிதர்களும் வியாபாரிகளும் எழுதிக்கொண்ட கடிதங்கள்தான் தலைப்பு. தமிழாக்கம் பாதி முடிந்தது. கையால் செய்த மாதிரிக் கடிதம் ஒன்றும் வைக்க வேண்டும். சில இடங்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

உறையே கிடையாது என்கிறார்கள், அப்படியானால் தாளை எப்படி மடித்தார்கள்? வியாபாரக் கடிதங்கள் பல "உங்கள் 12ஆம் தேதி ஃபேவர் கிடைத்தது" என்று ஆரம்பிக்கின்றன. "உதவி கிடைத்தது" என்று போட்டால் அடுத்த வரியோடு ஒட்டவில்லை. அப்புறம், 1812 ஜனவரி 1 அன்று முன்னாள் அதிபர் ஜான் ஆடம்ஸ், இன்னொரு முன்னாள் அதிபரான ஜெபர்சனுக்கு "வீட்டு நெசவு இரண்டு துண்டு" அனுப்புவதாக எழுதுகிறார். ஜெபர்சனும் தறி, நூற்பு இயந்திரம் என்று பதில் போடுகிறார். ஆனால் அடிக்குறிப்பில் அது புத்தகம் என்று இருக்கிறது. எது சரி? மையும் அரக்கும் நம் பக்கத்துக் கடைப் பொருளில் செய்ய முடியுமா?

பழந்தாள்

உறை இல்லாததற்குக் காரணம் காசு. 1792 தபால் சட்டப்படி சாதாரணக் கடிதத்துக்குத் தாளை எண்ணி, தூரத்தைப் பார்த்துக் கட்டணம் போட்டார்கள். ஒற்றைத் தாள் 30 மைலுக்குள் 6 சென்ட், 60 முதல் 100 மைல்வரை 10 சென்ட், 450 மைலுக்கு மேல் 25 சென்ட். இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு. கடிதத்தை இன்னொரு தாளில் சுற்றினால் அந்தச் சுற்றுத் தாளும் கணக்கில் சேரும். இதில் பெரும்பாலும் பணம் கட்டுகிறவர் வாங்குகிறவர்தான். அமெரிக்காவில் தபால்தலை 1847இல்தான் வந்தது. நாலு வார்த்தை கூட எழுத ஆசைப்பட்டு இரண்டாம் தாளை எடுத்தால் செலவு நண்பர் தலையில் விழும். ஓரத்தில் நெருக்கி நெருக்கி எழுதியிருப்பதன் ரகசியம் இதுதான்.

ஒரு பெரிய தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம். முதல் மூன்றில் எழுத்து, நாலாவதில் விலாசம். உங்கள் மாதிரிக்கு ஏ3 தாளை 40க்கு 25 செ.மீ. ஆக வெட்டி நடுவில் மடியுங்கள். பக்கம் 20க்கு 25 வரும். முதல் பக்கம் உங்களைப் பார்க்க, நாலாம் பக்கம் மேசையில் படிய வையுங்கள். இடம், வலம் இரண்டு ஓரத்தையும் 4 செ.மீ. உள்ளே மடியுங்கள். கீழிருந்து 8 செ.மீ. மேலே மடியுங்கள். மேல் ஓரத்திலிருந்து 8 செ.மீ. மடலைக் கீழே இறக்கி, அதன் நுனியைக் கீழ்மடலின் ஓர மடிப்புக்குள் செருகுங்கள். அந்தச் சேர்மானத்தில் அரக்கு. திருப்பினால் 12க்கு 9 செ.மீ. வெற்றிடம், விலாசம் அங்கே. வலது மேல்மூலையில் தபால்காரர் கையால் எழுதின கட்டணம்.

பிள்ளைகள் தவறுவது இரண்டு இடத்தில். நாலாம் பக்கம் முழுக்க எழுதிவிடுவார்கள். மடித்த பிறகு வெளியே தெரியும் இடத்தைக் காலியாக விட வேண்டும். இன்னொன்று, அரக்கு படியும் இடம். உடைத்துத் திறக்கும்போது தாள் ஒரு துண்டு கிழிந்து, பின்னால் இருக்கும் மூன்றாம் பக்கத்து வார்த்தையையும் கொண்டுபோகும். அனுபவசாலிகள் அங்கே இடைவெளி விட்டு எழுதினார்கள். அச்சுப் பதிப்புகளில் சதுர அடைப்புக்குள் வரும் சொற்களில் பல, இந்த ஓட்டையில் போனவற்றைப் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியவை.

பெரியகிராணி

"ஃபேவர்" என்றால் கடிதம். அவ்வளவுதான், தம்பி. "தங்கள் 12ஆம் தேதிக் கடிதம் கிடைக்கப்பெற்றேன்" என்று போடுங்கள். தேதிக்குப் பின்னால் "இன்ஸ்ட்." இருந்தால் இதே மாதம், "அல்ட்." என்றால் போன மாதம், "ப்ராக்ஸ்." என்றால் வருகிற மாதம். இதில் கவனம் தேவை: பிப்ரவரி 3 அன்று எழுதின கடிதத்தில் "28 அல்ட்." என்றால் அது ஜனவரி 28.

விளியிலேயே நெருக்கம் தெரிந்துவிடும். வெறும் "சர்" தூரம், "டியர் சர்" பழக்கம், "மை டியர் சர்" நெருக்கம். மூன்றையும் "ஐயா" என்று போட்டால் சுவை போச்சு. முடிவில் வரும் "தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்" என்பதை அப்படியே பெயர்க்காதீர்கள். 1804 ஜூனில் அன்றைய துணை அதிபர் பர்ரும் முன்னாள் நிதியமைச்சர் ஹாமில்டனும் சண்டைக்கு அழைத்து எழுதிய கடிதங்களும் இதே வணக்கத்தோடுதான் முடிகின்றன. ஜூலை 11 அன்று துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்கள். "இப்படிக்கு, தங்கள் பணிவுள்ள" போதும். விலாசத்தில் பெயருக்குப் பின் "எஸ்க்வயர்" வந்தால் முன்னால் "மிஸ்டர்" கூடாது.

வியாபாரக் கடிதத்தில் "முதல் பில், இரண்டாம் பில், மூன்றாம் பில்" என்று கண்டால் மூன்று கடன் என்று எண்ணிவிடாதீர்கள். நம் செட்டியார் உண்டியல் மாதிரி பணமாற்றுச் சீட்டு அது. கடலில் கப்பல் மூழ்கலாம், பிடிபடலாம். அதனால் ஒரே சீட்டை மூன்று பிரதி எழுதி வேறு வேறு கப்பலில் அனுப்பினார்கள். ஒவ்வொன்றிலும் "மற்றவை செலுத்தப்படாதிருந்தால்" என்ற நிபந்தனை இருக்கும். ஒன்றுக்குப் பணம் கொடுத்ததும் மற்ற இரண்டும் செத்த காகிதம்.

மாசிக்காய்_அக்கா

மைக்குக் கவலையே வேண்டாம். அவர்கள் பயன்படுத்தின ஓக் மரக்காய்தான் நம் மாசிக்காய். மலாய் மருந்துக் கடையில் மஞ்சகனி என்று கேளுங்கள். 30 கிராம் மாசிக்காயை ஒன்றிரண்டாக இடித்து 300 மில்லி மழைநீரில் இரண்டு நாள் ஊறவைத்து வடிகட்டுங்கள். அதில் அன்னபேதி 20 கிராம், கருவேலம்பிசின் 10 கிராம் கரையுங்கள். அன்னபேதி வெளிர்பச்சையாக இருக்கும். நீலமாக இருந்தால் அது மயில்துத்தம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எழுதும்போது வெளுப்பாகத்தான் தெரியும். காற்றுப் பட்டுக் கறுக்கும். அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அன்னபேதி என்று கொட்டாதீர்கள், மை தாளையே அரித்துவிடும். பிசின் குறைந்தால் எழுத்து ஊறிப் பரவும், கூடினால் இறகில் இறங்காது. நம் ஊர்ப் புழுக்கத்தில் நாலு நாளில் பூஞ்சை பிடிக்கும், புட்டியில் இரண்டு கிராம்பு போடுங்கள். சட்டையில் பட்டால் போகாது. வாயில் வைக்கக் கூடாது, பெரியவர்கள்தான் கலக்க வேண்டும்.

முத்திரைக்கு மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம். தாளில் எண்ணெய்க் கறை ஊறி, மடிப்பை அசைத்ததும் பெயர்ந்து விழும். அரக்குக் குச்சி வாங்குங்கள். அன்றாடக் கடிதங்களுக்கு அரக்குக்குப் பதில் மாவில் செய்த சின்ன வில்லையை நனைத்து உள்ளே வைத்து அழுத்துவதும் உண்டு. பிள்ளைகளுக்கு அது சுலபம், நெருப்பும் வேண்டாம்.

லயத்து_வாசகன் (சுங்கை சிப்புட்)

நன்றி அண்ணே, அக்கா. நெசவுத் துணிக் கதை மட்டும் பாக்கி. இன்னொன்று: அனுப்பிவிட்ட கடிதத்தின் நகல் ஜெபர்சன் கையிலேயே எப்படி இருந்தது?

பழந்தாள்

இரண்டும் சரி. ஆடம்ஸ் விளையாட்டாக எழுதினார். "துணி" என்றது, மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் ஹார்வர்டில் நடத்திய சொல்லாட்சிப் பாடங்கள் அச்சான இரண்டு தொகுதிகளை. வீட்டில் நெய்தது என்பதுதான் சிலேடை. கடிதமும் பொட்டலமும் தனித்தனியே பயணப்பட்டன, கடிதம் முந்திக்கொண்டது. புத்தகத்தைப் பார்க்காத ஜெபர்சன் ஜனவரி 21 அன்று வர்ஜீனியா வீட்டுத் தறிகளைப் பற்றி மெனக்கெட்டு எழுதிவிட்டார். தமிழில் "வீட்டு நெசவு" என்றே வையுங்கள், "புத்தகம்" என்று உடைத்தால் ஜெபர்சன் பதில் அர்த்தமற்றுப் போகும். முன்னாள் அதிபர்கள் என்பதால் இருவருக்கும் தபால் இலவசம். இவர்கள் கடிதத்தை மாதிரியாகச் செய்தால் மூலையில் சென்ட் எழுதாதீர்கள், "ஃப்ரீ" என்றும் கையெழுத்தும் போதும்.

நகலுக்கு முதலில் ஜேம்ஸ் வாட் 1780இல் காப்புரிமை பெற்ற அழுத்து இயந்திரம். ஈரமான மெல்லிய தாளை மை காய்ந்து இறுகுமுன் கடிதத்தின் மேல் வைத்து அழுத்துவார்கள். எழுத்து திரும்பி ஒட்டும். தாள் மெல்லியது என்பதால் பின்புறமிருந்து நேராகப் படிக்கலாம். 1804 முதல் ஜெபர்சன் பாலிகிராஃபுக்கு மாறினார்: ஒரு சட்டத்தில் இணைந்த இரண்டு பேனா, ஒன்றை நகர்த்தினால் மற்றது பக்கத்துத் தாளில் அதையே எழுதும். சட்டம் சற்றுத் தளர்ந்தாலும் நகலின் வரி கோணும். கண்காட்சியில் அழுத்து முறையைச் செய்துகாட்டலாம். அக்கா சொன்ன மையில் கொஞ்சம் சர்க்கரை கூட்டிக்கொண்டு, எழுதின ஐந்து நிமிடத்துக்குள் ஈர டிஷ்யூ தாளை வைத்து இரண்டு பலகைக்கு நடுவே அழுத்துங்கள். தாள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் மூலமும் சேர்ந்து அழியும். நனைத்த பிறகு துணியில் ஒருமுறை ஒற்றி எடுத்துவிட்டு வையுங்கள்.