சிரிப்பு யார் மேல் விழுகிறது?

முள்முருங்கை:
எத்தியன் ஷாத்திலியேயின் 'வாழ்க்கை ஒரு நீண்ட அமைதியான நதி' (1988) என்ற பிரெஞ்சுப் படம் வர்க்க நையாண்டியின் உச்சம் என்று இங்கே எல்லோரும் கொண்டாடுகிறீர்கள், எனக்கு ஒப்பவில்லை. டாக்டர் மேல் உள்ள கோபத்தில் ஒரு நர்ஸ் ஏழை வீட்டுக் குழந்தையையும் பணக்கார வீட்டுக் குழந்தையையும் மாற்றி வைக்கிறாள், 12 வருஷம் கழித்து உண்மை வெளியே வருகிறது, சரி. ஆனால் ஏழை க்ரோஸேய் குடும்பத்துக்குப் படம் கொடுப்பது என்ன? திருட்டு, அழுக்கு, டிவி. வட பிரான்ஸில் ஆலைகளும் சுரங்கங்களும் மூடிக்கொண்டிருந்த காலம் அது, படம் அந்தப் பக்கமே போகவில்லை.

நடுஜாமம்:
நீங்கள் ஒரு வீட்டை மட்டும் பார்க்கிறீர்கள். இன்னொரு வீடு பணக்கார லெ கெனுவா குடும்பம்: அப்பா மின்வாரியத்தில் பெரிய அதிகாரி, பக்தியான குடும்பம், திங்கட்கிழமை என்றால் ராவியோலி (உள்ளே பூரணம் வைத்த பாஸ்தா). க்ரோஸேய் வீட்டில் வளர்ந்த மோமோ தங்கள் பிள்ளை என்று தெரிந்ததும் க்ரோஸேய்களுக்குப் பணம் கொடுத்து அவனைக் கூட்டிவருகிறார்கள், வளர்த்த மகள் பெர்னதேத்தையும் விடுவதில்லை. தான் பிறந்தது எந்த வீட்டில் என்று தெரிந்ததும் அந்தப் பெண் உடைந்துபோகிறாளே, அந்த அருவருப்பை அவளுக்கு ஊட்டி வளர்த்தது யார்? படம் அடிக்கும் அடி அங்கேதான் விழுகிறது.

தெருமுனை:
லெ கெனுவா வீட்டு வேலைக்காரி மரி தெரேஸை மறந்துவிட்டீர்கள். வயிற்றில் பிள்ளை, ஆனால் யாரோடும் படுக்கவில்லை என்று அழுதுகொண்டே சத்தியம் செய்கிறாள். தியேட்டரே சிரித்திருக்கும். நடிகை காத்ரின் ஜாக்கோபுக்கு பிரான்ஸின் சேஸர் திரைப்பட விருது வாங்கித் தந்த பாத்திரம், அவர் நடிப்பில் குறையே இல்லை, ஆனாலும் அங்கே யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

முள்முருங்கை:
அதைத்தான் சொல்கிறேன். ழான் ரெனுவாரின் 'ஆட்டத்தின் விதி' (1939) பாருங்கள். சமையலறையில் வேலைக்காரர்கள் தங்கள் முதலாளியான மார்க்கியின் (பிரபுவின்) யூதப் பூர்வீகத்தை இழுத்துப் பேசுகிறார்கள், சமையல்காரர் மட்டும் உருளைக்கிழங்கு சாலட் பற்றித் தன்னைத் திட்டியவர் அவர், ருசி தெரிந்த மனுஷன் என்கிறார். வெறுப்பு, ரசனை, மேட்டிமை எல்லாம் கீழ்த்தளத்திலும் இருக்கிறது, அவர்கள் முதலாளியை எடைபோடுகிறார்கள். அந்தப் படத்தைப் பாரிஸில் கூச்சல் போட்டு விரட்டினார்கள், அதே வருஷம் அரசாங்கம் தடையும் போட்டது. ஷாத்திலியே படத்தையோ லெ கெனுவா மாதிரிக் குடும்பங்களே சந்தோஷமாக உட்கார்ந்து பார்த்திருக்கும்.

நடுஜாமம்:
கூட்டம் ரசித்தது என்பதால் படம் பல்லில்லாதது ஆகிவிடாது. மோமோ புது வீட்டு வெள்ளிச் சாமான்களைப் பழைய வீட்டுக்குக் கடத்துகிறான், அந்தப் பையனை இரண்டு வீட்டாராலும் ஏமாற்ற முடியவில்லை. நர்ஸ் ஜோசெத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தன்னை மதிக்காத டாக்டரையும் அவர் வட்டாரத்தின் கௌரவத்தையும் ஒரே ராத்திரியில் கவிழ்த்தவள் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு பெண். அவளை விட்டுவிட்டு இந்தப் படம் ஏழைகளைக் கேலி செய்கிறது என்று எப்படி முடிவு கட்டுகிறீர்கள்?