அம்மாவுக்கும் மாமிக்கும் உடுப்பு எடுக்கக் கொழும்பில் நாலு நாள்: எங்கே தொடங்குவது?

வன்னிமகள்:

வியாழன் விடிய வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கி, ஞாயிறு இரவு வவுனியா திரும்புகிறோம். தங்குவதும் வெள்ளவத்தையில்தான். அம்மாவுக்கு 61, மாமிக்கு 57. ஆளுக்கு நாலு குர்தா, இரண்டு காற்சட்டை வேண்டும். அடுத்த மாதக் கலியாணத்துக்கு ஆளுக்கொரு சாறியும் அதற்குச் சட்டையும் எடுக்க வேண்டும். சாறிகளை விட்டால் மிச்ச எல்லாவற்றுக்கும் சேர்த்து 60,000 ரூபாய் வைத்திருக்கிறோம்.

அம்மாவுக்கு மார்பு 44 அங்குலம், இடுப்பின் அகன்ற இடம் 47. மேல்கை பருமன், முழங்கால் நோவும் உண்டு. மாமி ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு, ஒல்லி. ரெடிமேட் எதைப் போட்டாலும் தோள் கீழே விழுகிறது.

இங்கே கடைகளில் "வயசான ஆக்களுக்கு" என்று எடுத்துப் போடுவது முழுக்க மண்ணிறமும் சாம்பலும்தான். இரண்டு பேருக்கும் அதைக் கண்டாலே ஆகாது. புறக்கோட்டைக்குப் போவதில் பிரயோசனம் உண்டா? அம்மாவின் அளவுக்கு ரெடிமேட் எங்கே கிடைக்கும்? நாலு நாளுக்குள் சாறிச் சட்டை தைத்து வாங்க முடியுமா?

ஊசிக்காது:

சட்டைதான் உங்கள் நாலு நாளையும் தீர்மானிக்கும், அதால கடைசிக் கேள்வியில இருந்து வாறன். வியாழன் காலமையே காலி வீதியில சாறியை எடுத்து, மத்தியானத்துக்குள்ள தையல்காரரிட்டக் குடுத்திடுங்கோ. சனி காலமை போட்டுப் பார்க்க, சனி பின்னேரம் கையில வாங்க என்று இரண்டு நேரம் எழுதி வாங்குங்கோ. ஞாயிறு என்று ஒத்துக்கொள்ள வேண்டாம். பிழை இருந்தால் திருத்த நேரமும் இராது, கடையும் பூட்டி இருக்கக்கூடும். அவசரக் கூலி எவ்வளவு என்றதைத் துணி வெட்ட முதலே கேளுங்கோ. ஒரு கடையில ஏலாது என்றால் பக்கத்துக் கடையைக் கேளுங்கோ, வெள்ளவத்தையில தையல்காரருக்குப் பஞ்சமில்லை.

சாறி எடுக்கேக்க, கடைக்காரர் முகம் சுளிச்சாலும் முழுசா விரிச்சு அளக்கச் சொல்லுங்கோ. உடல் 5.5 மீற்றர், அதோட சட்டைத் துண்டு 80 சென்ரிமீற்றர் இருக்க வேணும். மலிவான சிந்தெற்றிக் சாறிகளில உடல் 5.2 தான் வாறதும் உண்டு. அம்மாவின்ர இடுப்புக்கு முதல் சுற்றுக்கே 1.2 மீற்றர் போயிடும். நீளம் குறைஞ்சால் கொசுவம் மூன்று நாலோட முடியும், நடக்கேக்க முன்பக்கம் விரியும். அம்மாவின்ர சாறியில சட்டைத் துண்டை வெட்டவே வேண்டாம், உள்சுற்றில கிடக்கட்டும். 44 மார்புக்கு முழங்கை வரை கை வைக்க 80 சென்ரிமீற்றர் காணாது. தையல்காரர் சொல்லாமலே கையைக் கட்டையாக்குவார், இல்லாட்டி அக்குளில ஒட்டு வைப்பார். பொருத்தமான துணி தனியா எடுங்கோ: 36 அங்குல அகலம் என்றால் 1.25 மீற்றர், 44 அங்குல அகலம் என்றால் 1 மீற்றர். மாமிக்குச் சாறியோட வாற துண்டே போதும்.

அளவு குடுக்கப் போகேக்க, கலியாணத்தண்டு போடப்போற அதே பிராவோட போக வேணும். பழைய தொய்ஞ்ச பிராவோட அளந்தால் டார்ட் (மார்புக்கு வடிவு குடுக்கிற மடிப்புத் தையல்) முக்கால் அங்குலம் கீழ இறங்கிடும், அதைப் பிறகு சரிப்படுத்துறது வில்லங்கம். மேல்கையைக் கையை மடிச்சு வைச்சு அளக்கச் சொல்லுங்கோ. நீட்டி அளந்த கை, பந்தியில சாப்பிடேக்கதான் இறுக்கும். பழைய சட்டையை அளவுக்குக் குடுத்தால், அதில எங்க இறுக்கம் என்றதையும் வாயால சொல்லுங்கோ. சொல்லாட்டி அந்தப் பிழையும் அப்படியே புதுச் சட்டைக்கு வந்திடும். இரண்டு பக்கத் தையலிலயும் ஒன்றரை அங்குலம் உள்ள விடச் சொல்லுங்கோ. லைனிங்கும், சாறியின்ர கீழ்க்கரையில உள்பக்கமா வைச்சுத் தைக்கிற ஃபோல்ஸும் கொட்டன் என்றால் நனைச்சுக் காயவைச்ச பிறகுதான் தைக்க வேணும். நனைக்காமல் தைச்சால் முதல் தோய்ப்பில அது மட்டும் சுருங்கி, மேல்துணி கொப்பளம் மாதிரி எழும்பி நிக்கும்.

கெய்சர்வீதி:

புறக்கோட்டைக்குப் போகலாம், ஆனால் எதை எடுக்க என்று முடிவு செய்துகொண்டு போங்கள். துணி, காற்சட்டை, உள்பாவாடை, வீட்டு உடுப்பு, சால்வை இவையெல்லாம் அங்கே மலிவு. போட்டுப் பார்த்து எடுக்க வேண்டிய குர்தாவுக்கு அது இடமில்லை. பெரும்பாலான சின்னக் கடைகளில் ஃபிட்-ஒன் ரூமே கிடையாது.

கான் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கிப் பிரதான வீதியால் நேரே நடந்தால் குறுக்குத் தெருக்கள் எண் வரிசையில் வரும். முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனங்கள்தான், அதை விட்டுவிடுங்கள். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமான சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் தெரியும். வழி தவறினால் அதைக் கேளுங்கள், எல்லாரும் காட்டுவார்கள். துணிக்கு மூன்றாம் குறுக்குத் தெருவும், பிரதான வீதிக்குச் சமாந்தரமாக ஓடும் கெய்சர் வீதியும். கோட்டை ரயில் நிலையத்திலிருந்தும் நடக்கிற தூரம்தான்.

வெள்ளிக்கிழமை போவதாக இருந்தால் காலை ஒன்பதரைக்கு அங்கே நில்லுங்கள். ஜும்ஆத் தொழுகைக்காகப் பன்னிரண்டு மணியளவில் பல கடைகள் பூட்டப்பட்டு, ஒன்றரைக்குப் பிறகுதான் திறக்கும். அந்த இடைவெளியில் வெயிலில் அலைவதுதான் வெளியூர்க்காரருக்கு வழமையாக நடப்பது. ஞாயிறும் போயா (பௌர்ணமி) நாளும் பெரும்பாலான கடைகள் பூட்டு, பேவ்மன்ட் கடைகள் மட்டும் இருக்கும்.

ஹோல்சேல் கடையில் விலையைக் கேட்டதும் வாயைப் பிளக்காதீர்கள். அது ஒரு செட்டுக்கான கணக்கு: ஆறு, சில இடத்தில் நாலு, அதுவும் எம், எல், எக்ஸ்எல் கலந்து கட்டியது. அம்மாவின் அளவில் நாலு என்று பிரித்துத் தரமாட்டார்கள். "நானா, சில்லறைக்குத் தருவீங்களா?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

தெருவில் நடக்கும்போது பின்னாலிருந்து நாட்டாமிமார் (சுமை தூக்குவோர்) கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். சத்தம் கேட்டால் உடனே ஒதுங்குங்கள், பாரம் ஏற்றிய வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. கைப்பை முன்பக்கம் இருக்கட்டும். காசாகக் கொண்டுபோங்கள், சின்னக் கடைகளில் கார்ட் நீட்டினால் மேலதிகமாகக் கேட்பார்கள்.

அளவுநாடா:

44 மார்புக்கு ரெடிமேட் தேடுவதென்றால் ஏற்றுமதியில் மிஞ்சிய உடுப்பு விற்கும் கடைகள்தான் முதல் இடம். இங்கே தைத்து ஐரோப்பாவுக்குப் போகிற உடுப்பு பிரித்தானிய அளவில் 16, 18, 20 என்று வரும், நம்மூர் எக்ஸ்எல்லைவிடத் தாராளமாக இருக்கும். பம்பலப்பிட்டி டுப்ளிகேஷன் வீதியிலுள்ள ஹவுஸ் ஒஃப் ஃபேஷன்ஸ் இதற்குப் பெயர் போனது. பல மாடி, ஆனால் ஒரே கட்டடத்தில் எல்லாம் முடிந்துவிடும். மஹரகம பமுனுவ வீதி இன்னும் மலிவு. புறக்கோட்டையிலிருந்து 138ஆம் இலக்க பஸ் போகும், வெள்ளவத்தையிலிருந்து என்றால் கிருலப்பனை வரை ஓட்டோவில் போய் அங்கே 138 பிடிக்கலாம். அம்மாவின் முழங்காலை நினைத்தால் பமுனுவ இந்த முறை வேண்டாம்.

லேபலில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். பல உடுப்புகளில் லேபல் பாதி வெட்டப்பட்டிருக்கும், சிலதில் அளவு மாறித் தைக்கப்பட்டிருக்கும். அதனாலேயே ஒதுக்கப்பட்டவையும் உண்டு. வீட்டில் அம்மாவுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு குர்தாவை மேசையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள், இடுப்பின் அகலம், தோளிலிருந்து தோள், மேல்கையின் அகலம் என்று நாலு அளவைத் துண்டில் எழுதிக்கொண்டு, நாடாவோடு போங்கள். நெசவுத் துணி என்றால் உடல் அளவைவிடச் சுற்றளவில் 3 முதல் 4 அங்குலம் கூட வேண்டும். 44 மார்புக்கு விரித்து வைத்த அகலம் 24 வந்தால் சரி.

எடுத்ததைக் காசாளரிடம் கொண்டுபோக முன் பார்க்க வேண்டியவை: காற்சட்டையின் இரண்டு காலையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பிடியுங்கள். பக்கத் தையல் முழங்காலடியில் முன்னுக்குச் சுழன்று வந்தால் வையுங்கள் திரும்ப. தோய்க்கத் தோய்க்க இன்னும் சுழலும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தையலோரம் ஊசி ஓட்டைகள் தெரியும். இரண்டு பக்கத்தையும் மெல்ல இழுத்து, தையலில் நூல் விலகுகிறதா என்று பாருங்கள். இடுப்பு எலாஸ்டிக்கைக் காதருகே வைத்து இழுங்கள். நொறுநொறுவென்று கேட்டால் அது நாள்பட்ட சரக்கு, இரண்டு மாதத்தில் தொய்ந்துவிடும். செட்டாக எடுத்தால் மேலையும் கீழையும் வாசல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடியுங்கள், ஒரே நிறத்தில் இரண்டு சாயம் அடிக்கடி வரும்.

துணிக்கு ஒரு சோதனை. ஓரத்தைக் கைக்குள் பொத்திப் பத்து விநாடி இறுக்கி விடுங்கள். கசங்கி நின்றால் கொட்டன், லினன், ரேயோன் வகை. பாய்ந்து நிமிர்ந்தால் பொலியெஸ்டர் அதிகம், கொழும்பு வெக்கையில் முதுகோடு ஒட்டும். ரேயோன் குளிர்ச்சியானது, ஆனால் முதல் தோய்ப்பில் நீளம் ஓரிரு அங்குலம் குறையும் என்று கணக்குப் பண்ணி எடுங்கள். கடும் சிவப்பு, கருநீலம் என்றால் கைலேஞ்சியை நனைத்து உள்மடிப்பில் தேய்த்துப் பாருங்கள்.

வன்னிமகள்:

எல்லாருக்கும் நன்றி. சட்டையை வியாழனே குடுக்கிறோம். ஒன்று மட்டும் விளங்கவில்லை: மாமிக்கு எக்ஸ்எஸ் எடுத்தால் மார்பு இறுக்கம், எஸ் எடுத்தால் தோள் விழுகிறது. எதை எடுத்துத் திருத்துவது? அம்மாவுக்கு எந்த வெட்டு எடுப்பாக இருக்கும்?

மயில்கழுத்து:

தோளைப் பார்த்து எடுங்கள். பக்கத் தையலைப் பிரிக்கவும் பிடிக்கவும் பதினைந்து நிமிடம் போதும். தோளைத் திருத்துவதென்றால் கையைக் கழற்றி மறுபடி பூட்ட வேண்டும், கூலியும் கூட, வடிவும் கெடும். எக்ஸ்எஸ்ஸின் உள்தையலைப் புரட்டிப் பாருங்கள். பக்கத்துக்கு அரை அங்குலம் துணி விட்டிருந்தால் சுற்றளவில் ஓரங்குலத்துக்குக் கிட்டக் கிடைக்கும். ஓவர்லொக் அடித்து ஓரம் வெட்டியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. மாமியின் குர்தா முழங்காலுக்குச் சற்று மேலே முடியட்டும், கீழே ஒடுங்கிய கணுக்கால் காற்சட்டை, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறம். கெண்டைக்காலின் நடுவில் முடிகிற குர்தா ஆளை இன்னும் கட்டையாக்கும்.

அம்மாவுக்குப் பக்கவெட்டு எங்கே தொடங்குகிறது என்பதுதான் முக்கியம். இடுப்பின் அகன்ற இடத்துக்கு மேலே தொடங்கினால் இருந்து எழும்பும்போது வயிற்றுப் பக்கம் திறந்துகொள்ளும். கீழே தொடங்கினால் 47 அங்குலத்தில் துணி இழுபடும். மார்புக்குக் கீழிருந்து மெல்ல விரிகிற ஏ-லைன் என்றால் இந்தத் தொல்லையே இல்லை. கழுத்து வி வடிவம், அல்லது நடுவில் நீளப் பொத்தான் பட்டி. கை முக்கால் நீளம். முழங்கைக்கு மேலே மார்பின் நேருக்கு முடிகிற கை, அந்த இடத்தையே இன்னும் அகலமாகக் காட்டும்.

நிறத்தில் மயில்நீலம், மாதுளைச் சிவப்பு, கரும்பச்சை எல்லாம் நரை முடிக்கு அழகாக எடுக்கும். கடை ரியூப்லைட்டில் முடிவு செய்யாமல் வாசலுக்குக் கொண்டுவந்து முகத்தருகே பிடித்துப் பாருங்கள். பத்திக் பிடித்தால் துணியைப் புரட்டுங்கள். மெழுகு பிடித்துச் சாயம் தோய்த்ததில் பின்பக்கமும் நிறம் ஏறியிருக்கும், அச்சடித்ததில் வெளிறியிருக்கும். அச்சடித்ததும் உடுக்கக்கூடியதுதான், பத்திக் விலை கொடுக்காதவரை. பெயார்ஃபுட் கடையின் கைத்தறி அருமையான நிறங்கள், விலைதான் கூட; உங்கள் கணக்குக்கு ஒரு சால்வையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கெய்சர்வீதியோடு ஒரு விஷயத்தில் ஒத்துப்போக மாட்டேன். முழங்கால் நோவோடு ஒருவரைப் புறக்கோட்டைக்குக் கூட்டிப்போகக் கூடாது. அங்கே இருக்க இடமில்லை, கழிவறை தேடுவதும் பாடு. அம்மாவின் காற்சட்டை அளவை எழுதிக்கொண்டு நீங்களும் மாமியும் வெள்ளி காலை போய் வாருங்கள். பின்னேரம் அம்மாவோடு டுப்ளிகேஷன் வீதி.

கெய்சர்வீதி:

அதுவும் நியாயம்தான். அப்படியென்றால் பதினொன்றரைக்கே பிக்மீயில் (ஃபோனில் ஓட்டோ கூப்பிடும் செயலி) கிளம்பிவிடுங்கள். குறுக்குத் தெருவுக்குள் ஓட்டோவைக் கூப்பிட்டால் வந்து சேராது, கான் மணிக்கூட்டடிக்கு நடந்து வந்து கூப்பிடுங்கள்.

ஊசிக்காது:

திருத்த வேண்டிய குர்தாக்களை சனி காலமை சட்டை போட்டுப் பார்க்கப் போகேக்க அதே தையல்காரரிட்டக் கொண்டுபோங்கோ. சட்டை வாங்கப் போகேக்க இரண்டையும் சேர்த்து எடுக்கலாம். பெரிய கடைகளில எடுத்ததுக்கு பில்லைக் கிழிக்காமல் வைச்சு, மாத்திறதுக்கு எத்தனை நாள், வவுனியாப் பக்கக் கிளையில மாத்தலாமா என்று காசு கட்ட முதல் கேளுங்கோ. ஞாயிறு பம்பலப்பிட்டி மஜெஸ்டிக் சிட்டி கடைத்தொகுதி திறந்திருக்கும், குறைஞ்சது ஏதும் இருந்தால் அங்க பார்க்கலாம்.