மறு: மறு: 'கிரேட்டர் ஹார்ஸ்ஷூ பேட்' தமிழ்ல என்ன வைக்கலாம்?

> ஐரோப்பிய இலைமூக்கு வௌவால்னு வெச்சிடலாமே, சுருக்கமா இருக்கு

ஐயா வணக்கம். நாம குழுவா தமிழ்ல எழுதுற இந்த வௌவால் கட்டுரைக்கு அந்தப் பேர் சுருக்கமாத்தான் இருக்கு, ஆனா ரெண்டு பாதியுமே இடிக்குதே. 'ஐரோப்பிய'னு போட்டா, இது இங்கிலாந்துல தென்மேற்கு மூலை, தெற்கு வேல்ஸ், அப்புறம் பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி, பால்கன் பக்கம்னு இருக்கிறது வாஸ்தவம், ஆனா மொராக்கோவுலயும் இருக்கு, துருக்கி, காகசஸ், ஈரான்னு கிழக்காலயும் போகுது. அதே ஐரோப்பாவுல நெதர்லாந்துல அழிஞ்சே போச்சு. 'இலைமூக்கு' ஏற்கெனவே ஹிப்போசிடெரஸ்ங்கிற வேற வௌவால் கூட்டத்துக்குப் புழங்குது, அதுங்க நம்ம ஊர்லயே நிறைய இருக்கு, ஒரே பேரை ரெண்டு குடும்பத்துக்கும் குடுத்தா படிக்கிறவங்க குழம்பிடுவாங்க.

என் ஓட்டு 'பெரிய லாடமூக்கு வௌவால்'க்கு. ரைனோலோபஸ் ஃபெரமெக்வினம்ங்கிற அறிவியல் பேர்லயே பின்பாதி குதிரை இரும்பு, அதாவது லாடம்தான்.

> ஹிப்போசிடெரஸும் கிரேக்கத்துல குதிரை இரும்புதானே அண்ணே, அப்ப அதுக்கும் லாடம்தான?

நல்லா மடக்குனீங்க தம்பி. ஆனா வேர்ச்சொல்லைப் பிடிச்சிட்டுப் போனா நமக்குப் பேரே மிஞ்சாது, முகத்தைப் பாத்து வைக்கலாம். இந்த வௌவாலோட முகத்தைக் கிட்டப்போய் எடுத்த போட்டோவுல பாருங்க, கீழ மேலுதட்டை மூடுறாப்புல வளைஞ்ச தோல், அதான் லாடம், நாசித்துளை ரெண்டும் அதுக்கு நடுவுல. அதுக்கு மேல முன்பக்கமா துருத்திக்கிட்டு ஒரு சதை, செல்லாங்கிறாங்க, லத்தீன்ல இருக்கைக்கும் சேணத்துக்கும் உள்ள சொல். அதுக்கும் மேல நெத்திப் பக்கமா கூர்மையா எழும்புறது லான்செட். இந்த செல்லாவும் லான்செட்டும் ஹிப்போசிடெரஸ்க்குக் கிடையாது. அதனால லாடம், சேணம், ஈட்டினு மூணையும் வரிசையா வெச்சிடலாம், குதிரைப்படையே வந்த மாதிரி இருக்கும், பசங்களுக்கும் மறக்காது :)

> நாசியிலை, மூக்கிலை, நாசிமடல்?

லாடம், சேணம், ஈட்டி மூணும் சேந்த அந்த மூக்குத் தோல் முழுசுக்கும் (நோஸ்லீஃப்) என் ஓட்டு மூக்குமடல். காதுமடல் எல்லாருக்கும் தெரிஞ்ச சொல், அதுக்கு ஜோடியா நிக்கும். வேலையும் ஜோடிதான், இந்த வௌவால் வாயை மூடிக்கிட்டே பறக்கும், மூக்கு வழியாத்தான் சத்தம் விடும், மடல் அந்தச் சத்தத்தைக் குவிச்சு முன்னால அனுப்பும், எதிரொலியை காதுமடல் வாங்கும், ரெண்டு காதும் தனித்தனியா முன்னும் பின்னும் ஆடும். விடுற சத்தம் 80 கிலோஹெர்ட்ஸ் பக்கம், நமக்கு 20க்கு மேல கேக்காது. பெரும்பாலான ஐரோப்பிய வௌவால்கள் மாதிரி மேலருந்து கீழ சரியிற சத்தமா இல்லாம ஒரே சுருதியில நீளமா இழுக்கும், அதுக்கு 'மாறா அதிர்வெண்'னு போட்டிருக்கேன். பறக்கிற வேகத்துல எதிரொலி சுருதி ஏறி வரும்ல, அந்த அளவுக்கு தான் விடுறதைக் குறைச்சு, காதுக்கு வர்ற எதிரொலி ஒரே சுருதியில நிக்கிற மாதிரி பாத்துக்கும். 1968ல ஷ்னிட்ஸ்லர்ங்கிற ஜெர்மன் ஆய்வாளர் காட்டுனது, டாப்ளர் ஈடுகட்டல். இதுல 'ஈடுகட்டல்' சரியா 'ஈடுசெய்தல்' சரியானு இயற்பியல்காரங்க சொல்லுங்க.

'பெரிய'ங்கிறதுல பெருசா சண்டை வேண்டாம். எடை 17லருந்து 34 கிராம், இறக்கை விரிச்சா 35-40 செ.மீ. சிறிய லாடமூக்கு வௌவால் பத்து கிராம்கூட வராது. 'பெருலாட'னு ஒருத்தர் போட்டிருந்தாங்க, அது லாடம் பெருசுங்கிற மாதிரி தொனிக்குது, வேண்டாம்.

கட்டுரையோட வாழிடப் பகுதிக்கு நான் போட்டது: ரூஸ்ட், அதாவது வௌவால் தொங்கித் தங்குற இடத்துக்கு, அடையிடம். ஆதியில குகைவாசி, தெற்கு ஐரோப்பாவுல இன்னைக்கும் வருஷம் பூரா குகையில இருக்கிறது உண்டு, ஆனா வடக்க வர வர கோடையில குகை ரொம்பக் குளிர், அதனால குட்டி போட பழைய கட்டடத்தோட சூடான கூரைக்கடியில வந்துடும், குளிர்காலத்துக்குத் திரும்ப குகை, கைவிட்ட சுரங்கம். தொங்கும்போது இறக்கையால உடம்பைச் சுத்திப் போர்த்திக்கும், சின்ன பேரிக்காய் அளவு இருக்கும். இங்கிலாந்துல குளோஸ்டர்ஷையர்ல வுட்செஸ்டர் மாளிகைனு கட்டி முடிக்காம விட்ட பங்களாவுல இதுங்களை ரோஜர் ரான்சம்ங்கிற வௌவால் ஆய்வாளர் 1959லருந்து கவனிச்சிட்டு வந்தார், இது 30 வயசு வரைக்கும் வாழுற பிராணி, அதனால அப்படி நீண்ட கணக்கு இருந்தாத்தான் ஏதாவது புரியும்.

மெட்டர்னிட்டி ரூஸ்ட்க்கு 'பேறுகால அடையிடம்'. மகப்பேறுனு போட்டிருந்தாங்க, ஆஸ்பத்திரி ஞாபகம் வருது.

ஹெட்ஜுக்கு 'புதர் வேலி' வேண்டாம், கொங்குப் பக்கம் உயிர்வேலினு அழகான சொல் புழக்கத்துல இருக்கு. இந்த வௌவால் திறந்த வெளியைத் தாண்டத் தயங்கும், உயிர்வேலி ஓரமாவே தாழ்வா பறந்து போகும், வேலியை வெட்டிட்டா வழி போச்சு. இன்னொண்ணு, டங் பீட்டில்க்கு பீயுருட்டினு மாத்திட்டாங்க யாரோ. அது இங்க தப்பு. இது தின்கிற அஃபோடியஸ் வண்டு எதையும் உருட்டாது, சாணிக்குள்ளயேதான் இருக்கும், 'சாணி வண்டு'னு விடுங்க. மாட்டு மேய்ச்சல் நிலம் இந்த வௌவாலுக்கு ஏன் அவ்வளவு முக்கியம்ங்கிறதே அந்த வண்டுலதான் இருக்கு, மாட்டுக்குக் குடுக்கிற சில குடற்புழு மருந்து சாணியோட வெளிய வந்து வண்டுப் புழுக்களைக் கொன்னுடுது, குட்டிங்க இரை தேடப் பழகுற நேரத்துல சாப்பாடு இல்ல.

> துரிஞ்சில்னு அகராதியில இருக்கே, அதை எடுத்தா என்ன?

எனக்கும் ஆசைதான் அக்கா. ஆனா அது பொதுவா சின்ன வௌவாலுக்குப் பேர், ஒரு குடும்பத்துக்கு மட்டும் எழுதி வெச்சிட்டா மத்ததை என்ன பண்றது? மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் இலங்கையிலயும் இதே ரைனோலோபஸ் பேரினத்து வௌவால்கள் இருக்கு, நாம இப்ப வைக்கிற பேர் அதுங்களுக்கும் பொருந்தணும், அதுக்கும் 'லாடமூக்கு'தான் தோது.

பாக்கி ஒரே ஒரு சொல். டிராகஸ். நமக்குக் காது ஓட்டைக்கு முன்னால இருக்கிற சின்ன மேடு, நிறைய வௌவாலுக்கு அது காதுக்குள்ள நெட்டுக்குத்தா நிக்கும். லாடமூக்குக்கு அது கிடையவே கிடையாது, ஆனா 'கிடையாது'னு எழுதவாவது அதுக்கு ஒரு பேர் வேணுமே, காது மூக்கு தொண்டை டாக்டர் யாராவது குழுவுல இருந்தா சொல்லுங்க.