அட்ரே எல்லையில் தங்கியுள்ள சூடான் அகதிகளை உள்முகாம்களுக்கு மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி – கயல்

2023 ஏப்ரல் 15 அன்று சூடான் ராணுவத்துக்கும் துரித ஆதரவுப் படை என்ற துணைராணுவத்துக்கும் இடையே மூண்ட போரிலிருந்து தப்பி, 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சாட் நாட்டில் அடைக்கலம் புகுந்திருக்கிறார்கள். போருக்கு முன் ஏறத்தாழ 40,000 பேர் வாழ்ந்த அட்ரே என்ற எல்லையூரில் மட்டும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கழியும் துணியும் கொண்டு கட்டிய குடிசைகளில் தங்க நேர்ந்தது. இவர்களை எல்லையிலிருந்து தள்ளி நாட்டின் உட்பகுதியில் உள்ள ஃபர்ஷானா போன்ற உள்முகாம்களுக்கு ஐ.நா. அகதிகள் ஆணையம் மாற்றிவருகிறது. வீடிழந்து வந்தவர்களை மறுபடியும் கிளப்பாமல், இருக்கும் இடத்திலேயே உதவக் கூடாதா?

மறுமொழி – செழியன்

முதல் தடை தண்ணீர்தான். நெருக்கடிக் காலத்திலும் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும் என்பது பன்னாட்டு அளவுகோல். வறண்ட கிழக்குச் சாடில் ஓர் ஊரின் கிணறுகள் ஐந்து மடங்கு கூட்டத்துக்கு எப்படி ஈடுகொடுக்கும்? எல்லைக்கு அப்பால் சண்டை நடக்கும்போது அகதிகளை எல்லையோரம் வைத்திருப்பதும் ஆபத்து. கடற்கரையே இல்லாத சாடுக்குத் தானியம் பெரும்பாலும் கேமரூனின் டுவாலா துறைமுகத்தில் இறங்கி, நாட்டைக் குறுக்காகக் கடந்து வர வேண்டியிருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் காட்டாறுகள் பாதையைத் துண்டித்துவிடுவதால், மே மாதத்துக்குள் கிடங்கு நிரம்பாவிட்டால் முகாமிலும் பட்டினிதான். ஆகவே இடமாற்றம் சரி, ஆனால் கிணறும் கிடங்கும் அமைத்த பிறகே.

மறுமொழி – மங்கை

செழியன் ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆயினும் மக்கள் ஏன் அட்ரேயை விட்டு நகரத் தயங்குகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 2023 ஜூனில் சூடானின் மேற்கு டார்ஃபூர் தலைநகரான எல் ஜெனெய்னாவில் மசாலித் இன மக்கள் குறிவைத்துக் கொல்லப்பட்டபோது, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவை நடந்தே கடந்த தாய்மார் பலர், வழியில் பிரிந்த கணவனும் மகனும் என்றாவது இந்த எல்லை வழியாகத்தான் வருவார்கள் என்று காத்திருக்கிறார்கள். அவர்களிடம் லாரியில் ஏறச் சொல்வது எளிதல்ல. விறகு தேடி முகாமுக்கு வெளியே செல்லும் பெண்கள் வன்முறைக்கு ஆளாவதால், அரிசி, எண்ணெயோடு எரிபொருளும் கொடுக்க வேண்டும்; பொருள் பட்டியலில் இது கடைசியில் நிற்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

மறுமொழி – கயல்

நன்றி மங்கை அக்கா. அப்படியானால் பிரிந்தவர்களைத் தேடித்தரும் செஞ்சிலுவைச் சங்கப் பணி அட்ரேயிலும் உள்முகாம்களிலும் ஒருசேர நடந்து, இரண்டு இடத்துப் பெயர்ப்பதிவுகளும் ஒப்பிடப்பட்டால், இடம் மாறினாலும் தொடர்பு அறாது என்ற நம்பிக்கை அந்தத் தாய்மாருக்குக் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.