கார்த்திகைப்பூவைப் பெரிதாக வரைய வெளிக்கிட்டு மாட்டுப்பட்டேன்

வேலியோரம்:
வணக்கம், ஒட்டுசுட்டானிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வேலியில் கார்த்திகைப்பூ ஏறி இப்ப வடிவாகப் பூத்திருக்கிறது. (இந்தப் பூ என்றதும் சிலர் வேறு கதை தொடங்குவார்கள், இங்கே வேண்டாம், எனக்கு இதழ்தான் பிரச்சினை.) கையளவுப் பூவை 22க்கு 30 அங்குலத் தாளில், ஒற்றைப் பூவாக, வாட்டர் கலரில் போட ஆசை. சின்னதாக வரைந்தபோது சரிவந்தது. பெரிதாக்கியதும் கடதாசி அலையலையாக எழும்பிவிட்டது, மஞ்சளும் சிவப்பும் சேருகிற இடமெல்லாம் தண்ணீர்க் கறை மாதிரி விளிம்பு கட்டிவிட்டது. கேசரங்களை (மகரந்தம் தாங்குகிற தண்டுகளை) வெள்ளையாக விட, நிறம் படாமல் மறைக்கிற மாஸ்க்கிங் திரவம் பூசினேன், உரிக்கிறபோது கடதாசியின் தோலும் சேர்ந்து வந்தது. 300 ஜிஎஸ்எம் தாள், கொழும்பிலிருந்து எடுப்பித்தது, இன்னும் இரண்டுதான் மிச்சம்.

குளக்கட்டு:
தம்பியோ தங்கச்சியோ தெரியாது, முதலில் பூவைப் போய் இன்னொருக்காப் பாருங்கோ. அது தலைகீழாகத் தொங்கும், ஆறு இதழும் மேலே மடிந்து நிற்கும், கேசரங்கள் ஆறும் கீழே பக்கவாட்டில் விரியும். அப்ப பக்கத்திலிருந்து பார்த்தால் அவை பெரும்பாலும் வெறுங் கடதாசியில்தான் விழும், மாஸ்க்கிங்கே தேவையில்லை! மாரியில் கடதாசி உள்ளுக்குள் காயாது, ஈரத்தில் அந்தத் திரவத்தைப் பூசினால் உரியத்தான் செய்யும்.

அலைக்கு, தாளைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, பலகையில் விரித்து, நனைத்து ஒட்டுகிற கம் ரேப்பால் நாலு பக்கமும் ஒட்டி ஒரு இரவு விடுங்கோ. காயும்போது சுருங்கி மேளத்தோல் மாதிரி இறுகும்.

விளிம்பு கட்டுவது அரைகுறையாகக் காய்ந்த நிறத்துக்குள் அதைவிடத் தண்ணீர் கூடிய பிறஸ்ஸை வைப்பதால். ஒரு நேரத்தில் ஒரு இதழ்தான். முழு இதழுக்கும் மஞ்சள் பூசி நன்றாகக் காயவிடுங்கோ. பிறகு சுத்தமான தண்ணீரால் அதே இதழை நனைத்து, குளமாக நிற்கிற தண்ணீர் அடங்கி இலேசான மினுக்கம் மட்டும் இருக்கிறபோது நுனிப் பக்கமிருந்து சிவப்பை விடுங்கோ, பலகையைச் சரித்தால் அது தானாக இறங்கும். நெளிந்த ஓரத்தின் மஞ்சளைத் தொடாதீர்கள், பூவின் உயிரே அதில்தான். பக்கத்து இதழை உடனே தொடாமல் ஒன்று விட்டு ஒன்று போடவேண்டும். அப்புறம், நிறத்தைக் கோப்பையில் நிறையக் கரைத்து வையுங்கோ, பெரிய தாளில் பாதியில் முடிந்தால் அதே சிவப்பு திரும்பக் கிடையாது.

பழைய_பிறஸ்:
எனக்கு இந்தப் பெரிதாக்கலில் அவ்வளவு உடன்பாடு இல்லை, தாவரப் படம் என்றால் உள்ளது உள்ள அளவில் போடுவதுதான் பழைய வழக்கம். சரி, ஆசை உங்களது. சிவப்பு டியூப்பில் நிறமியின் எண்ணைப் பாருங்கோ. பிஆர் 83 என்றிருந்தால் அது அலிசரின் கிரிம்சன், வெளிச்சத்தில் மங்கும். மஞ்சளின் நிழலுக்குக் கறுப்பு கலக்கவேண்டாம், மஞ்சள் அழுக்குப் பச்சையாகிவிடும்.

மாங்குளத்தான்:
வரையத் தெரியாது, ஆனால் செடியைத் தெரியும். முழுக்க நஞ்சு, கிழங்கு இன்னும் மோசம். பூவை ஆய்ந்து மேசையில் வைத்து வரைகிற ஆள் என்றால் கை கழுவாமல் தேத்தண்ணி குடிக்காதேங்கோ, பிறஸ்ஸை வாயில் வைத்துக் கூராக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கோ.

வேலியோரம்:
தங்கச்சிதான் :) எல்லாருக்கும் நன்றி. மாங்குளத்தான் அண்ணை, அந்தப் பழக்கம் இருந்தது, இண்டையோட சரி.

குளக்கட்டு சொன்னபடி குடையோடு போய் நின்று பார்த்தேன். சூலகத்தடியில் தம்பம், அதுதான் சூலகத்திலிருந்து நீளுகிற தண்டு, கிட்டத்தட்டச் செங்கோணமாக மடங்கிப் பக்கவாட்டில் போகிறது, இவ்வளவு நாளும் அதை நேராக வரைந்திருக்கிறேன்! இன்னொன்று, ஒரே கொடியில் கீழே முதல் விரிந்த பூ முழுச் சிவப்பு, மேலே புதிசாக விரிந்தது பச்சை கலந்த மஞ்சள். நான் காலையில் ஒரு பூ, அடுத்த நாள் அதே பூ என்று பார்த்து வரைந்ததால்தான் நிறம் பொருந்தவில்லைப் போல. இந்த முறை நடுவில் நிற்கிற, பாதி சிவந்த ஒன்றைத் தெரிந்தெடுத்துப் போனில் படமும் எடுத்துவிட்டேன். தாள் பலகையில் ஒட்டியிருக்கு, மழை விட்டபாடில்லை, நேற்று இரவு ஒட்டியது இன்னும் தொட்டால் குளிர்கிறது.

குளக்கட்டு:
குளிர்ந்தால் ஈரம் இருக்கு. தொடாதேங்கோ.