தங்கம் தியேட்டர் போனது தப்பா, இல்ல வேற வழியே இல்லையா?

கூடல்வாசி:
போன வாரம் நம்ம மதுரை மேலப் பெருமாள் மேஸ்திரி வீதில ஜவுளி எடுத்துட்டு வெளிய வந்தப்ப சின்னவன்கிட்ட சொன்னேன், இந்த எடத்துலதான்டா தங்கம் தியேட்டர் இருந்துச்சு, 1952 தீபாவளிக்கு பராசக்தி போட்டு தொறந்தாங்க, சிவாஜிக்கே அதான் மொத படம், 2563 சீட்டுன்னு. எத்தனை ஸ்கிரீன்ப்பான்னு கேக்குறான். ஒரே ஸ்கிரீன்டான்னா நம்ப மாட்டேங்குறான். ஆசியாவுலயே பெருசுன்னு சொல்லி வளந்த ஊரு, அத காப்பாத்த ஒரு ஆளு வரலையேன்னு எனக்கு நெஞ்சு ஆறல. கோயிலுக்கும் மகாலுக்கும் குடுக்குற மரியாதைல கொஞ்சம் இதுக்கும் குடுத்திருக்கணும்.

கணக்குப்புள்ள:
அண்ணே ஒங்க வருத்தம் புரியுது ஆனா கணக்க பாருங்க. 2563 பேரு, நாலு ஷோ, ஒரு நாளைக்கு 10,252 டிக்கெட்டு, ஒரு வாரம்னா 71,764. அப்பல்லாம் பிரிண்டு கொஞ்சந்தான், ஊருக்கு ஒரு தியேட்டர்ல படம் வரும், மேலூர் உசிலம்பட்டி திருமங்கலத்துக்காரன்லாம் பஸ் ஏறி வந்தாத்தான் பாக்க முடியும், அதனால ரொம்புச்சு. பெறகு ஒரே படத்த ஊருக்குள்ள நாலஞ்சு தியேட்டர்ல போட ஆரம்பிச்சாங்க, வீட்டுக்கு டிவி வந்துச்சு, வீடியோ கேசட்டு போட்டுப் பாக்குற டெக்க வாடகைக்கு எடுத்தாங்க, கேபிள் வந்துச்சு. எரநூறு பேரு உக்காந்தாலும் ரெண்டாயிரம் பேரு உக்காந்தாலும் அம்புட்டு பெரிய ஹாலுக்கு ஃபேன் ஓடணும், கூட்டணும், ஆளுக்கு சம்பளம் குடுக்கணும். அந்த நஷ்டத்த எந்த மொதலாளிண்ணே தாங்குவாரு? யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

கூடல்வாசி:
தியேட்டராவே ஓட்டணும்னு நான் சொல்லல தம்பி. விக்டோரியா எட்வர்டு ஹால பாரு, அங்கதான் ரீகல் தியேட்டர்ல சாயங்காலம் இங்கிலீஷ் படம் ஓடுச்சு, பகல்ல லைப்ரரி. கட்டடம் இன்னும் நிக்குதுல்ல.

கணக்குப்புள்ள:
அது பொதுச் சொத்துண்ணே, இது தனி ஆளு காசு போட்டு கட்டுனது. ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க. 1937ல சிந்தாமணி படம் ஓடுன ஓட்டத்துல வந்த லாபத்துலதான் நம்மூர்ல சிந்தாமணி தியேட்டரே கட்டுனாங்க. சினிமா காசு குடுத்தா கட்டடம் எந்திரிக்கும், குடுக்கலேன்னா படுத்துரும்.

சிம்மக்கல்_அக்கா:
ரெண்டு பேரும் பேசுறத படிச்சேன், ஒரு விசயம் சொல்லணும். நீங்க சொல்ற பழைய காலம் ஆம்பளைங்க காலம். எது எந்த தியேட்டர்னு பேரு வேணாம், அப்ப எனக்கு பத்து வயசு, லேடீஸ் கவுண்டர்னு ஒரு ஆள் மட்டும் போற மாதிரி சுவத்துக்கும் கம்பிக்கும் நடுவுல ஒரு சந்து, உள்ள போயிட்டா திரும்பி வர முடியாது, பின்னாடி இருந்து தள்ளுறாங்க, எங்க சித்தி கைப்புள்ளய தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டே நின்னாங்க. டிக்கெட்டு கெடைக்கிறப்ப ஜாக்கெட்டு கை கிழிஞ்சிருந்துச்சு. பாத்ரூம் பக்கம் போக முடியாது, வீட்டுக்கு வர்ற வரைக்கும் அடக்கிக்கிட்டுத்தான் இருக்கணும். இருந்தாலும் மாசத்துல ஒரு மேட்னிதான் எங்களுக்கு வெளிய போற ஒரே சாக்கு, அதுக்காக சித்தி காலைலயே ரெண்டு வேளை சோத்தையும் ஆக்கி வச்சிருவாங்க. அத மறக்கல. பெருமை பேசுறப்ப அந்த கம்பிச் சந்தையும் சேத்துப் பேசுங்க.

கூடல்வாசி:
அக்கா, இத நான் யோசிக்கவே இல்ல. எங்கம்மாவும் அப்படித்தான் நின்னிருப்பாங்க, நான் கேட்டதே இல்ல.

ரீல்பெட்டி:
எங்கப்பா ஊருக்குள்ள வேறொரு தியேட்டர்ல படம் ஓட்டுற ஆப்பரேட்டர். கட்டடம் கட்டடம்னு சண்ட போடுறீங்க, உள்ள இருந்த தொழிலே போச்சு, அத யாரும் பேசல. அப்ப மிஷினுக்குள்ள பல்பு கெடையாது, ரெண்டு கார்பன் குச்சி, நுனியும் நுனியும் ஒட்டாம கொஞ்சம் எடவெளி இருக்கணும், அந்த எடவெளியில எரியிற வெளிச்சந்தான் திரைல விழுகுறது. குச்சி எரிய எரிய கரையும், கறுப்புக் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே திருகி திருகி கிட்ட கொண்டாரணும், கொஞ்சம் அசந்தா படம் மங்கிரும், கீழ விசில் பறக்கும். ரீலு முடியப்போறப்ப திரைல வலது மேல் மூலைல ஒரு புள்ளி வரும், மொதப் புள்ளிக்கு அடுத்த மிஷின ஓட விடணும், ரெண்டாவது புள்ளிக்கு மாத்தணும். ஆயிரம் அடி ரீலுன்னா பதினோரு நிமிசந்தான். எங்கப்பா வீட்ல டிவி பாக்குறப்பக்கூட மூலையத்தான் பாப்பாரு. அறுந்த பிலிம் துண்ட எனக்கு கொண்டாந்து குடுப்பாரு, பீஸ் போன பல்புல தண்ணி ஊத்தி, கண்ணாடில வெயில திருப்பி விட்டு, வேட்டியில படம் காமிப்போம் தெருப் பயலுகளுக்கு.

கணக்குப்புள்ள:
இது பதிவாகணும் தம்பி. இதுல நான் கூடல்வாசி அண்ணன் பக்கம். மொதலாளி கடைய மூடுனது நியாயம்னு இப்பவும் சொல்வேன், ஆனா ஊரு எழுதி வைக்காம விட்டது நியாயமில்ல.

கூடல்வாசி:
காப்பாத்தியிருக்கணும்னு நானும் சொல்லிக்கிட்டேதான் இருப்பேன், அதுல மாத்தமில்ல. ரீல்பெட்டி தம்பி, அப்பா பேசுறத போன்ல புடிச்சு வைக்கலாமா? அக்கா, ஒங்க சித்தி இருந்தா அவங்கள்ட்டயும் கேக்கணும்.

சிம்மக்கல்_அக்கா:
சித்தி இருக்காங்க, செல்லூர்ல. சாயங்காலம் நாலு மணிக்கு மேல வாங்க.

ரீல்பெட்டி:
ஞாயித்துக்கெழம வாங்கண்ணே. அப்பாவுக்கு காது கொஞ்சம் மந்தம், சத்தமா பேசணும். கார்பன் குச்சித் துண்டு ஒரு தூக்குவாளி நெறைய பரண்ல கெடக்கு, எறக்கி வைக்கிறேன்.